கழற்றாத பொலித்தீன்

சாரதி சீட்டின் மேல் ஒட்டியிருந்த பொலித்தீன் உட்பக்கமாக வியர்த்திருந்தது. ஜெகதீஸ்வரி கைலேஞ்சியால் அழுத்தித் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. தலை சாயும் இடத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு தேநீர்ப் பீரிசுத் தட்டு அளவுக்கு, கண்ணாடியில் வாய் வைத்து ஊதியது போல வெள்ளையாக மங்கியிருந்தது.

ஏசி போட்டு நிறுத்தினால் அப்படித்தான் வரும் என்றார் அவளுடைய கணவர் நமசிவாயம். பொலித்தீனைக் கழற்றினால் காய்ந்துவிடுமே என்றாள். தாலியைக் கழற்றச் சொன்னது போல அவர் முகம் கறுத்தது.

அவளுக்கு அந்தக் காரைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வருஷமாக முதுகில் டிஸ்க் விலகிய நோவு. வேலையோ புதுக்கடை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு. மற்றவர்களின் பொய்யை இரண்டு மொழியில் நாள் முழுக்க நின்றுகொண்டு சொல்ல வேண்டும். முச்சக்கரவண்டியில் போனால் ஒவ்வொரு குழியும் முள்ளந்தண்டில் ஏறி இறங்கும். இப்படியே போனால் வேலையை விட வேண்டியதுதான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். கார் வாங்கினால் சீட் இடுப்பு உயரத்துக்கு இருக்க வேண்டும், வாங்குமுன் அரை மணி நேரமாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றும் அவர்தான் சொன்னார். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கணவரிடம் கொடுத்தாள்.

அவர் கார் திருத்தும் கராஜ் பாஸ் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஒருகொடவத்தைக் கார்ச் சந்தைக்குப் போய், அவளுக்குச் சொல்லாமலே காரை எடுத்துக்கொண்டு வந்தார். முதுகு இவளுடையது, பார்த்தது இரண்டு ஆம்பிளைகள். அந்தத் தாள் உடுப்புத் தோய்க்கும்போது அவருடைய சட்டைப் பையில் அகப்பட்டது. மடிப்புக் கலையவில்லை.

வெள்ளவத்தையில் அவர்கள் இருந்த தொடர்மாடியில் அந்தக் காரின் பெருமை கேளாத வீடு இல்லை. நாலு வருஷம் ஓடின கார், ஜப்பானில் ஒட்டின பொலித்தீன் கூடக் கழட்டேல்ல என்று படிக்கட்டில் மறித்து மறித்துச் சொன்னார். முந்தின சொந்தக்காரரும் முதுகு நோவுள்ள மனைவிக்காகத்தான் வாங்கினாராம். அந்த மனுசி ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் எங்கேயோ போய்விட, ஓட ஆளில்லாமல் விற்றாராம்.

இத்தனைக்கும் சீட் சுகமாக இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். அவள் ஓட்டிக்கொண்டு போகையில், காலி வீதியில் கொள்ளுப்பிட்டியைத் தாண்டுமுன், நோகும் இடத்தைத் தேடிப் பிடித்து யாரோ முஷ்டியால் அமுக்கிவிடுவது போல ஒரு அழுத்தம் வரும். சீட்டுக்குள் அப்படி ஏதும் வசதி இருக்கிறதா என்று விசைகளைத் தேடினாள். இல்லை. ஒரு மாதத்துக்குள் அவள் நீதிமன்றப் படிகளில் கைபிடி பிடிக்காமல் ஏறினாள். நான் பார்த்து எடுத்தது என்று கணவர் நெஞ்சை நிமிர்த்தினார். நன்றி சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

பிறகு மழை தொடங்கியது. கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு ஓட வேண்டியிருந்த அந்த நாட்களில், ஈரக் கால்மிதியின் வாடைக்கும் ஏசியின் குளிருக்கும் அடியில், அடைத்த அறையில் வெகுநாள் படுத்துக் கிடந்த ஆளின் மூச்சைப் போல ஒரு புளித்த மணமும், அதோடு சேர்ந்து முதுகுக்குப் பூசும் தைலத்தின் காரமும் மெல்ல மெல்ல எழுந்து வந்தன. அவள் தைலம் பூசுவதை விட்டு இரண்டு மாதமாகிறது. பீரிசு அளவில் இருந்த மங்கல் சாப்பாட்டுத் தட்டு அளவாகியிருந்தது. ஒரு காலை, கைப்பையோடு கார்க் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். மங்கல் சுருங்கியது. விரிந்தது. மறுபடி சுருங்கியது.

வேலைக்குப் போகாமல் முடியுமா? ஏறி உட்கார்ந்தாள். பம்பலப்பிட்டி நெரிசலில் கார் ஊர்ந்துகொண்டிருந்தபோது முதுகில் அழுத்தம் வந்தது. வழக்கம் போல மெதுவாக இல்லை. ஒரு முஷ்டியும் இல்லை, இரண்டு. மாறி மாறி. வேகமாக. பூட்டிய கதவை உள்ளே நின்று தட்டுவது போல. அவள் பிரேக்கை மிதித்தாள். பின்னால் வந்த பஸ் ஹோர்னை விடாமல் அடித்தது.

அன்று பின்னேரம் அவள் கேட்டாள், பொலித்தீனைக் கழற்றச் சொல்லி. கணவர் தொலைக்காட்சியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கழட்டினா பேந்து விக்கேக்க ஆர் கேப்பான்? உமக்கு முதுகு சுகமாச்சுத்தானே, பிறகென்ன?"

"என்ர முதுகு. உங்கட பொலித்தீன்," என்றாள். "நீங்கள் அதையே கட்டிக்கொண்டு இருங்கோ."

ஞாயிறு காலை அவர் முடி வெட்டப் போன நேரம், மீன் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அவள் கீழ்த்தள வாகனத் தரிப்பிடத்துக்கு இறங்கினாள். கோபம்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனது. பயம் பின்னால் வந்தது. பொலித்தீனை மேலே குத்திக் கீழ் வரைக்கும் ஒரே இழுப்பாகக் கிழித்தாள்.

உள்ளே இருந்து நீண்ட ஒரு மூச்சு வந்தது. சூடாக. அவள் முகத்திலேயே பட்டது. தைல மணம்.

பொலித்தீனுக்குக் கீழே சீட் துணி புத்தம் புதிதாக, உலர்ந்து கிடந்தது. கிழிசல் அவள் தோளில் உரசி விலகியது, யாரோ நெருக்கிக்கொண்டு இறங்கிப் போனது போல. காருக்குப் பக்கத்தில், சீமெந்துத் தரையில், ஒரு ஈரக் காலடி. வெறுங்கால். பெண் கால். பிறகு இன்னொன்று. ஆள் இல்லை, காலடி மட்டும். ஒன்றன்பின் ஒன்றாக வெளிச்சம் விழும் ஏற்றப் பாதையை நோக்கிப் போயின. கடைசியில் ஓடின.

அப்போதுதான் நோவு பிடித்தது. மூன்று வருஷ நோவும் ஒன்றாக. கால்கள் மடிந்தன. பிடித்து நிற்கக் கதவைத் தவிர ஒன்றுமில்லை. ஒரு நிமிஷம். ஒரே நிமிஷம் உட்கார்ந்து எழும்பலாம்.

உட்கார்ந்தாள். சாய்ந்தாள்.

தோளில் குளிர்ந்தது. கிழிந்த விளிம்பு. மற்றத் தோளிலும். பிறகு மார்பில். சத்தமில்லாமல். கழுத்து வரை. வாய் வரை.

பொலித்தீனுக்குள் எத்தனை நாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. சொந்த மூச்சே வெள்ளையாகப் படிந்து கண்ணை மறைத்தது. மறைப்புக்கு அப்பால் கணவரின் குரல் கேட்டது. கொட்டாஞ்சேனையில் இருந்து வந்திருந்த சூசைதாசன் என்பவரோடு பேசிக்கொண்டிருந்தார். அவரோடு கூட வந்த மனைவி டெனிஷாவுக்கு முதுகு நோவாம்.

"மனுசி கோவிச்சுக்கொண்டு எங்கேயோ போட்டா. கோவக்காரி. அதுதான் விக்கிறன். பாருங்கோ, அஞ்சு வருஷம் ஓடின கார், பொலித்தீன் கூடக் கழட்டேல்ல."

பொலித்தீனில் ஒரு கீறல் கூட இல்லை என்று சூசைதாசன் வியந்தார்.

கதவு திறந்தது. டெனிஷா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலியில் பல்லைக் கடித்தபடி, மெல்ல உட்கார்ந்து சாய்ந்தாள். வெளிச்சம் முழுக்க மறைந்தது. ஜெகதீஸ்வரி கத்தினாள். இறங்கு என்று கத்தினாள். சத்தம் ஆவியாகத்தான் வந்தது. இரண்டு முஷ்டியாலும், இருந்த கோபம் எல்லாவற்றையும் சேர்த்து, அந்த முதுகில் குத்தினாள்.

"ஆ... அந்த இடந்தாங்க," என்றாள் டெனிஷா. "யாரோ அமுக்கிவிடுற மாதிரி. எவ்வளவு சுகமா இருக்கு."

அவள் இன்னும் ஓங்கிக் குத்தினாள். டெனிஷா கண்ணை மூடிக்கொண்டு நன்றாகச் சாய்ந்தாள்.