ஏரியிலிருந்து கூட வந்தவன்

எதிரே வந்த தம்பி லூசியனுக்கு, கிளப்பின் வழிகாட்டி மேவிஸ் மூன்று விரல் காட்டினாள். பின்னால் மூன்று பனி மோட்டார் வண்டிகள் வருகின்றன என்று அர்த்தம். கடைசியாக வருபவன் கையை மூடிக் காட்டவேண்டும், தனக்குப் பின்னால் யாருமில்லை என்று. அமெரிக்காவின் இந்த மேய்ன் காட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் இது. நியூ ஜெர்சியிலிருந்து வந்த இந்த மூவருக்கும் காட்டுப் பாதைக்கான மூன்று நாள் பாஸை வண்டியில் ஒட்டிக் கொடுத்தபோதே, தொண்டை வறளச் சொல்லியிருந்தாள்.

பாதையைச் சமன்செய்யும் எந்திரத்தை ஓட்டியபடி லூசியன் கடந்து போனான். சற்று நேரத்தில் வயர்லெஸ் கரகரத்தது.

"அக்கா, மூணுன்னு காட்டுன. நாலு போச்சே."

"கண்ணு அவிஞ்சு போச்சாடா? நான் பாஸ் குடுத்ததே மூணு பேருக்குத்தான்."

"மூணாவது ஆளு கைய மூடித்தான் காட்டுனான். அவன் பின்னால வந்தவன் ஒரு விரல் காட்டுனான். ஆனா அவனுக்கு அப்புறம் யாரையும் காணோம்."

மேவிஸுக்கு எரிச்சல் தலைக்கேறியது. மத்தியானத்திலிருந்து இதே இழவு. மூன்று நாள் பாஸ் வாங்கினால் காட்டையே விலைக்கு வாங்கிவிட்ட நினைப்பு. பனிக்கட்டி இன்னும் கெட்டிப்படவில்லையென்று அடைத்துவைத்த ஏரிப் பாதையில், கயிற்றைத் தாண்டிப் போயிருந்தார்கள். கத்திக் கூப்பிட்டுக் கரையேற்றுவதற்குள் அவளுக்கு உயிர் போய் வந்தது. இருட்டுவதற்குள் மூவரையும் முழுசாக விடுதியில் சேர்க்கவேண்டும். ஒருவனுக்கு ஏதாவது ஆனாலும் அவள் தலைதான் உருளும்.

வண்டியை நிறுத்தினாள். பின்னால் வந்தவர்களும் நிறுத்தினார்கள். பெட்ரோல் புகை கலைந்ததும், ஊசியிலை மரங்களின் வாசனையை அமுக்கிக்கொண்டு குளத்துச் சேற்றின் அழுகல் நாற்றம் வந்தது. எல்லாமே உறைந்து கிடக்கிற மாசத்தில் சேறு ஏது?

"யாருப்பா ஒரு விரல் காட்டுனது?"

"நான் கைய மூடித்தாங்க காட்டுனேன்," என்றான் கடைசியில் நின்ற பிரென்ட். "பின்னால வர்றவரு உங்க கிளப்பு ஆளுதானே? ஏரியிலேருந்தே கூட வர்றாரு. அவரையும் சேர்த்துக் காட்டணுமா?"

அவனுக்குப் பின்னால் ஒரு விளக்கு.

எஞ்சின் சத்தமில்லை. சொட்டு சொட்டாகத் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும்.

விளக்குக்குப் பின்னாலிருந்த உருவம் கையைத் தூக்கியது. ஐந்து விரல்.

ஏரிப் பக்கத்து மரங்களுக்கிடையே விளக்குகள். ஒன்று. மூன்று. எண்ணமுடியவில்லை.

"பிரென்ட், வண்டிய எடு."

அவன் பக்கம் திரும்பினாள். அவன் இருக்கை காலி. அதன்மேல் தண்ணீர் தேங்கியிருந்தது.

பிரென்ட் அந்த உருவத்துக்குப் பின்னால், அதன் வண்டியில் உட்கார்ந்திருந்தான். அதன் இடுப்பைக் கட்டிக்கொண்டு. வாயிலிருந்து ஏரித் தண்ணீர் ஒழுகியது.