கடுகு பொரியாத காலை!

"அய்யய்யோ...!"

அந்த அலறல் மாடிப்படியில் உருண்டு இறங்கி, கீழே ஜெராக்ஸ் கடைக்காரனின் காதைப் பிடித்து இழுத்தது.

அலறியது, வரவேற்பு மேஜையில் உட்காரும் அக்கா. கையெழுத்து வாங்க முதலாளி அறைக்குள் போனவள், அதே வேகத்தில் பின்பக்கமாகவே வெளியே வந்து, தண்ணீர் கேன் மேல் மோதிக்கொண்டு நின்றாள்.

"மு... முதலாளி...!"

முதலாளி நாற்காலியில்தான் இருந்தார். தலை மேஜை மேல் இருந்தது. கண்ணாடி மூக்கில் இருந்தது.

உயிர்தான் இல்லை!

பக்கத்தில் கிடந்தது ஆங்கிலம் - இத்தாலியன் பேரகராதி. செங்கல் கனம். தடித்த அட்டை. அதன் முனையில்... ரத்தம்!

தன் வாழ்நாளில் முதலாளி அந்தப் புத்தகத்தைத் தலைக்கு இவ்வளவு பக்கத்தில் கொண்டுபோனது அதுதான் முதல் தடவை.

*

இன்ஸ்பெக்டர் வந்தார். அறையைச் சுற்றினார். கூரையில் இருந்த கேமராவைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

"ஏட்டு! கேமரா இருக்குய்யா! வேலை முடிஞ்சுது!"

வரவேற்பு அக்கா மூக்கை உறிஞ்சினாள். "அது சும்மா சார். உள்ள ஒண்ணும் இல்ல. நாங்க பயப்படணும்னு மாட்டி வச்சது."

"நீங்க பயந்தீங்களா?"

"மொத மாசம் பயந்தோம் சார்."

இன்ஸ்பெக்டரின் முகம் மறுபடி வாடியது.

"வெளியாள் யாராச்சும் உள்ள வந்தாங்களா?"

"என்னைத் தாண்டித்தானே சார் வரணும்? கையெழுத்து வாங்க உள்ள போற வரைக்கும் நான் எந்திரிக்கவே இல்ல. ஒரு ஈ கூட வரல."

"அப்போ உள்ள இருந்தது?"

"ரெண்டே பேரு. இந்தப் பக்க ரூம்ல கடுகு. அந்தப் பக்க ரூம்ல மச்சான் சார். நடுவுல முதலாளி. ரெண்டு ரூம்லேர்ந்தும் உள்பக்கமாவே அவரு ரூமுக்குப் போகலாம்."

"கடுகா?"

"நான்தான்!"

வாசலில் நின்றாள் அவள். குள்ளம். ஒல்லி. மூக்கு நுனியில் கோபம். எண்ணெய் காயும் முன்பே வெடிப்பாள் என்பதால் ஆபீஸ் வைத்த பெயர். வீட்டில் வைத்த பெயரை அங்கே யாரும் கூப்பிட்டதில்லை.

*

அந்த ஆபீஸ் செய்கிற வேலையை இங்கே சொல்லியாக வேண்டும்.

ஆங்கிலம் ஒரு கஞ்சப்பயல் மொழி. ஒரே சட்டையை நாலு பேருக்கு மாட்டி அனுப்பும். 'ஸ்பிரிங்' என்பான். வசந்தமும் அதுவே, ஊற்றும் அதுவே, சுருள் கம்பியும் அதுவே! இத்தாலியனில் அந்த ஜம்பம் பலிக்காது. வசந்தத்துக்குத் தனிச் சொல், ஊற்றுக்குத் தனிச் சொல், கம்பிக்குத் தனிச் சொல். இப்படிப் பல அர்த்தச் சொற்களாகப் பொறுக்கி, ஒவ்வொரு அர்த்தத்துக்கும் சரியான இத்தாலியச் சொல்லைப் பிடித்துப் போட்டு, புதிதாக ஓர் அகராதி.

பிடித்துப் போடுவது கடுகு.

சரிபார்ப்பது மச்சான். முதலாளியின் மனைவிக்குத் தம்பி. அதுவே அவன் படிப்பு, அதுவே அவன் தகுதி.

முறை இதுதான். காலையில் கடுகு தன் இத்தாலியச் சொற்களை ஒரே கட்டாகக் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கம் தள்ளிவிடுவாள். மச்சான் மூல ஆங்கிலத்தைப் பார்க்கக் கூடாது. இத்தாலியனை மட்டும் படித்து, மறுபடி ஆங்கிலமாக்கி, ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்ப வேண்டும். கிளம்பிய சொல்லே திரும்பி வந்தால் பாஸ்!

வேறு சொல் வந்தால்...?

கடுகு பொரிவாள். சுவரைத் தாண்டிக் கேட்கும். கீழே ஜெராக்ஸ் கடை வரைக்கும் கேட்கும்.

*

"நேத்து சாயந்திரம் முதலாளிகிட்ட என்ன தகராறு?" இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தகராறு இல்ல சார். நியாயம் கேட்டேன்."

"என்ன நியாயம்?"

"ரெண்டு வருஷமா மண்டைய ஒடைச்சு வேலை பாத்தது நான். அட்டையில 'தொகுத்தவர்'னு மச்சான் சார் பேரு! என் பேரு எங்கன்னு கேட்டா, 'அட்டை சின்னதும்மா, இடம் பத்தாது'ங்கறாரு. பேரு போடத்தானே சார் அட்டை? மாவு பிசையவா?"

"ஒரு பேருக்கா இவ்வளவு?"

கடுகின் கண் சிவந்தது.

"உங்க நெஞ்சுல குத்தியிருக்கே பேரு, அதைக் கழட்டிட்டு ஏட்டு பேரைக் குத்திக்குவீங்களா சார்? எங்க வம்சத்துல காலேஜ் வாசலை மிதிச்ச மொத ஆளு நான். எங்கப்பா லோடு வண்டி ஓட்டறவரு. 'எம்பொண்ணு பேரு போட்டு புஸ்தகம் வருது'ன்னு பெட்ரோல் பங்க்ல நிக்கற அத்தனை பேர்கிட்டயும் சொல்லி வச்சிருக்காரு. அவருக்கு நான் என்னத்தைக் காட்டறது? இடம் பத்தலன்னு சொல்லவா?"

இன்ஸ்பெக்டர் ஒரு நொடி தன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டார். பிறகு வரவேற்பு அக்கா பக்கம் திரும்பினார்.

"இந்தப் பொண்ணு நேத்து கடைசியா என்ன சொல்லிட்டுப் போச்சு?"

அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லும்மா!"

"'இந்த அகராதியாலேயே உங்க மண்டையில ஒண்ணு போடணும்'னு..."

இன்ஸ்பெக்டர் கடுகு பக்கம் திரும்பினார்.

ஏ.ஸி.யிலிருந்து ஒரு சொட்டு தண்ணீர், கீழே வைத்திருந்த பிளாஸ்டிக் வாளியில் விழுந்தது. டொக்!

"கோவத்துல சொன்னது சார்! கோவத்துல சொல்றதெல்லாம் செய்யறதா இருந்தா இந்த ஊர்ல பாதிப் பேரு உயிரோட இருக்க மாட்டான்!"

"புத்தகம் முழுக்க உன் கைரேகைதான் இருக்கும்."

"அகராதியில என் ரேகை இல்லாம ஜெராக்ஸ் கடைக்காரன் ரேகையா இருக்கும்?"

"வாய் ஜாஸ்தி உனக்கு."

"வாய் மட்டும்தான் சார் சொந்தமா இருக்கு."

*

மச்சான் உள்ளே வந்தான். மடிப்புக் கலையாத சட்டை. சென்ட் வாசனை. அழுத முகம்.

"அத்தான்... அத்தான்..." என்று மேஜையைப் பார்த்து இரண்டு தடவை விம்மினான். மூன்றாவதற்கு ஏட்டு நாற்காலி கொடுத்துவிட்டார்.

"காலையிலேர்ந்து நீங்க எங்க இருந்தீங்க?"

"என் சீட்ல சார். சொல் சொல்லாத் திருப்பி அனுப்பிட்டே இருந்தேன். வேணும்னா அவ கம்ப்யூட்டரைப் பாருங்க. நடுவுல ஒரு நிமிஷம் கூட நின்னிருக்காது."

பார்த்தார்கள். நிற்கவில்லை. சீராக, சொட்டு நீர் மாதிரி, ஒன்றன் பின் ஒன்றாக வந்து விழுந்திருந்தன ஆங்கிலச் சொற்கள்.

இன்ஸ்பெக்டர் கடுகைப் பார்த்தார்.

"அவரு வேலை பார்த்திட்டு இருந்ததுக்கு உன் கம்ப்யூட்டரே சாட்சி. நீ?"

"கட்டை அனுப்பிட்டா எனக்கு வேலை இல்ல சார். வர்றதைப் பாத்துட்டு சும்மா உக்காந்திருந்தேன்."

"சும்மா உக்காந்திருந்ததுக்கு யாரு சாட்சி?"

"சும்மா உக்காந்திருக்கறதுக்குக் கூடவா சார் சாட்சி வச்சுக்கணும்?"

அப்போதுதான் வரவேற்பு அக்கா, நல்ல எண்ணத்தில், ஒரு கொள்ளியைத் தூக்கி வைத்தாள்.

"சார்... ஒண்ணு சொல்லணும். தெனமும் இந்நேரத்துக்குள்ள கடுகு பத்துத் தடவையாச்சும் கத்தியிருக்கும். இன்னிக்குப் பொரியவே இல்ல. எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு..."

"பாத்தீங்களா சார்!" மச்சான் துள்ளி எழுந்தான். "சீட்ல இருந்தாத்தானே கத்துவா? இவ இங்க வந்து அத்தானை..."

முகத்தைப் பொத்திக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். "ஏட்டு, லேடி கான்ஸ்டபிளைக் கூப்பிடு. நடம்மா ஸ்டேஷனுக்கு."

கடுகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா! பெட்ரோல் பங்க்! பேப்பரில் பெயர் வரும்தான்... கடைசியில் இப்படியா வர வேண்டும்?

"அக்கா..." வரவேற்பு மேஜைக்காரி பக்கம் திரும்பினாள். "நான் சீட்லதான்க்கா இருந்தேன். கத்தறதுக்கு இன்னிக்கு எதுவுமே இல்லக்கா. எல்லாமே சரியா..."

நிறுத்தினாள்.

எல்லாமே... சரியா?

காலையில் அவளுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. நேற்றுக் கத்திய கத்தலில் மச்சான் பயந்துபோய் ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்திருக்கிறான் என்றே நினைத்துக் காலாட்டிக்கொண்டிருந்தாள். முட்டாள்!

"சார்! ஒரு நிமிஷம்!"

"என்ன, ஒத்துக்கறியா?"

"நீங்க பரீட்சை எழுதியிருக்கீங்கல்ல சார்? பெஞ்சுல கடைசி ஆளு. வருஷம் பூரா முட்டை. திடீர்னு ஒரு நாள் நூத்துக்கு நூறு. வாத்தியாரு என்ன நினைப்பாரு?"

இன்ஸ்பெக்டர் தன் பள்ளி நாட்களை நினைத்துப் பார்த்து, கொஞ்சம் நெளிந்தார்.

"பாத்து எழுதினான்னு."

"அதைத்தான் சார் சொல்றேன். ரெண்டு வருஷத்துல மச்சான் சாருக்கு ஒரு நாளும் பாதி கூடத் தேறினதில்ல. இன்னிக்கு ஒரு தப்பு கூட இல்ல! ஒண்ணு கூட! எனக்கே அப்படி வராது சார். இத்தாலியன்ல நூறு சொல்லை நீங்களும் நானும் திருப்பினா, நாலு சொல்லாவது பக்கத்து வீட்டுக்குப் போயிரும். நெஜமா உக்காந்து யோசிச்சுப் பண்ற மனுஷனுக்குக் கொஞ்சம் தப்பும். தப்பவே இல்லன்னா அது மனுஷன் பண்ணது இல்ல."

"பொறாமை சார்!" மச்சான் சிரித்தான். "நான் என்னிக்குமே நூத்துக்கு நூறுதான். அத்தான் இத்தனை வருஷத்துல ஒரு நாள் கூட என் வேலையில குத்தம் சொன்னதில்ல!"

"அப்போ இவ எதுக்குத் தெனமும் கத்தினா?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"அவளுக்கு இத்தாலியன் தெரியாது, கத்தறா."

இன்ஸ்பெக்டர் மச்சானைப் பார்த்தார். கடுகைப் பார்த்தார். மீசையைத் தடவினார்.

"தம்பி... காலையில பண்ணின அதே சொல்லுங்கதான். இப்ப என் முன்னாடி ஒரு ஏழெட்டு பண்ணிக் காட்டுங்களேன்."

"தாராளமா!"

அவன் முகத்தில் பயம் துளியும் இல்லை. பாவம், உண்மையிலேயே இல்லை!

கடுகு தன் லேப்டாப்பை எடுத்து வந்து, திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.

"ஃபோகா."

"ஃபோகஸ்!" மச்சான் டக்கென்று சொன்னான்.

"கடல்ல நீந்தற மிருகம் சார் அது. சீல். காலையில 'சீல்'னு சரியா வந்திருக்கு. அடுத்தது... கியோதோ."

"சைல்டு! குழந்தை!"

"சுவத்துல அடிக்கற ஆணி. காலையில 'நெயில்'. உங்கியா?"

"ஹங்கிரி. பசி."

"விரல் நகம். அதுக்கும் 'நெயில்'தான் வந்திருக்கு. தாத்தெரோ?"

மச்சானின் நெற்றியில் ஒரு முத்து வியர்வை.

"டா... டாக்டர்?"

ஏட்டு குறுக்கே விழுந்தார். "எனக்கு 'டாட்டர்'னு கேக்குது சார். மகள்."

"பேரீச்சம்பழம்!" கடுகு மேஜையில் தட்டினாள். "காலையில 'டேட்'. மச்சான் சார், கடைசியா ஒண்ணு. மோல்லா?"

மச்சான் வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான்.

"...முல்லா?"

வரவேற்பு அக்கா துக்கத்தை மறந்து களுக்கென்று சிரித்துவிட்டு, செத்தவர் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் அவன் தோளில் கை வைத்தார். மெதுவாக. கனமாக.

"காலையில அந்த சீட்ல உக்காந்து அனுப்பினது யாரு தம்பி?"

"தப்பா...? எல்லாமே தப்பா...?" மச்சான் அவரைக் கவனிக்கவே இல்லை. கடுகையே வெறித்தான். "அப்ப இத்தனை நாளும்...?"

"இத்தனை நாளும் நீங்க தப்பு தப்பா அனுப்புவீங்க. முதலாளி என்னைக் கூப்பிட்டு, 'வீட்ல பிரச்சனை ஆயிரும்மா, நீயே கமுக்கமாத் திருத்திக்கோ'ம்பாரு. நானும் கத்திக்கிட்டே திருத்துவேன்."

"அத்தான் ஒரு வார்த்தை சொல்லலையே...!"

அவன் உடைந்துவிட்டான்!

"அவரு கம்ப்யூட்டர்ல மூல இங்கிலீஷ் சொல்லுங்க அப்படியே இருந்துச்சு சார். ராத்திரியே எடுத்து, ஒண்ணொண்ணா தானாப் போற மாதிரி வச்சுட்டேன். நடுநடுவுல தப்பு போடணும்னு எனக்குத் தோணவே இல்ல. நான்தான் எப்பவும் சரியாப் பண்றவனாச்சே! எல்லாம் சரியாப் போனாத்தானே சந்தேகம் வராதுன்னு நெனச்சேன்..."

"எதுக்குய்யா கொன்ன? சோறு போட்ட மனுஷன்."

"நேத்து இவ கத்திட்டுப் போனப்புறம் என்னைக் கூப்பிட்டாரு. 'மச்சான், பொண்ணு கேக்கறது நியாயந்தான். அட்டையில உன் பேரை எடுத்துட்டு அவ பேரைப் போட்டுடறேன்'னாரு. எவ்வளவோ கெஞ்சிப் பாத்தேன். மனசு மாறவே இல்ல. இவ சொன்ன மாதிரியே செஞ்சிட்டா, பழியும் இவ மேல போயிரும்னு..."



ஏ.ஸி. ஒரு சொட்டு விட்டது. டொக்!

முதலாளியின் கண்ணாடி இன்னும் மூக்கிலேயே கோணலாக இருந்தது. அதை நேராக்க வேண்டும் போல அவளுக்குக் கை துறுதுறுத்தது. தொடக் கூடாது என்று ஏட்டு கண்ணாலேயே தடுத்தார்.

"நல்ல மனுஷன்தான் போலிருக்கேம்மா," என்றார் இன்ஸ்பெக்டர் தாழ்ந்த குரலில்.

"நல்லவரு மாதிரிதான் தெரியுது சார்." மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். "அந்த ஒரு நல்ல வார்த்தையை, மச்சான்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாம். நானும் மண்டையில போடறேன்னு சொல்லியிருக்க மாட்டேன். அவரும் இருந்திருப்பாரு."

மச்சானைப் படியிறக்கிக்கொண்டு போனார்கள். பாதிப் படியில் நின்று திரும்பி, "அந்த மோல்லான்னா என்னதான் அர்த்தம்?" என்று கேட்டான்.

"சுருள் கம்பி! அழுத்தி வச்சா ஒரு நாள் எகிறும்!"

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"சாயந்திரம் ஸ்டேஷனுக்கு வாம்மா. நடந்ததை எல்லாம் நீயே உன் கையால எழுதிக் குடுத்துடு. எங்க ஏட்டு எழுதினா அவனுக்கே புரியாது."

"எழுதித் தர்றேன் சார். ஒரே ஒரு கண்டிஷன்..."

"என்ன?"

"இடம் பத்தலன்னு சொல்லி, அடியில ஏட்டு பேரைப் போட்டுறக் கூடாது!"