பொக்குச் சத்தம்

அந்தச் சத்தத்தை முதலில் எந்தச் சுவரில் கேட்டாள் என்பதை நுஸைபாவால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தெருப்பக்கச் சுவர் என்றுதான் நினைவு. அந்த நினைவை நம்பலாமா என்பது வேறு விஷயம். அப்போதெல்லாம் பேச்சுத் துணைக்குக்கூட ஆளில்லாமல் இருந்தாள்.

பேகம்பூரில் நூறு வருடத்து மாடி வீடு. கணவர் இறந்தபின் அவள் மட்டும். மகள் ஃபர்ஹீன் தலைப்பிரசவத்துக்கு வருவதற்குள் சுவர்களைச் சரிசெய்துவிட வேண்டும். காரை உதிரும் அறையில் பச்சைக் குழந்தையைக் கிடத்த முடியாது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஆண்டிச்சாமி தாடிக்கொம்பிலிருந்து வந்தார். விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போவார். உள்ளே வெற்றிடமிருப்பதுபோலப் பொக்காகக் கேட்ட இடத்தைக் கரியால் வட்டமிட்டு, கொத்தி, கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பால் அடைப்பார்.

"ஒரே எடந்தாம்மா பொக்கு. மத்ததெல்லாம் இரும்பாட்டம் இருக்கு. கட்டுனவன் ஏமாத்தல."

"நீங்க ஏமாத்தாம இருந்தாச் சரி."

சிரித்தார்.

மறுநாள் அடைத்த இடம் கெட்டி. ஒரு முழம் தள்ளி, நேற்றுக் கெட்டியாக இருந்த இடம் பொக்கு. அதே அளவு. அதையும் அடைத்தார். அடுத்த நாள் இன்னொரு முழம்.

அவர் போனபின், பூச்சு வெடிக்காமலிருக்க அவள்தான் தண்ணீர் தெளிப்பாள். ஈரச் சுண்ணாம்பின் வாடை கூடமெங்கும் நிற்க, மேல் ஜன்னலின் பச்சைக் கண்ணாடி வெளிச்சம் உத்திரம்வரை ஏறி மறைய, பள்ளிவாசல் பாங்கு அடங்கிய அமைதியில் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தானும் தட்டிப் பார்ப்பாள். பொக்கு கூடத்தைத் தாண்டியது. படியேறியது. மகளுக்கென்று ஒதுக்கிய அறைக்குள் வந்தது.

"அடைக்க அடைக்கத்தாம்மா நகருது," என்றார் ஆண்டிச்சாமி. "அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"பிள்ளை படுக்குற ரூம்பு. ஓட்டைய வச்சிக்கிட்டு எப்படி?"

அவர் கரித்துண்டை எடுத்து வட்டமிட்டார். பிறகு அடைத்தார்.

அன்று மாலையே ஃபர்ஹீன் வந்தாள். அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

"ஈரம்டி. எந்திரி."

"குளுகுளுன்னு இருக்கும்மா."

மறுநாள் வீடு முழுக்கத் தட்டினார்கள். எங்கும் கெட்டி. ஆண்டிச்சாமி கைகூடக் கழுவாமல் கிளம்பினார்.

பையன் பிறந்தான். ஏழாம் நாள், பால் குடித்தவனைத் தோளில் சாய்த்து, ஏப்பம் வர முதுகில் தட்டினாள் நுஸைபா.

கை நின்றது.

மறுபடி தட்டினாள். மெதுவாக.

பொக்கு.

தட்டுவதை நிறுத்தினாள். உள்ளிருந்து மூன்று தட்டு. விரல் முட்டியால்.

ஆண்டிச்சாமி அதன்பிறகு அந்தத் தெருப்பக்கம் வரவில்லை. நாற்பது நாள் கழிந்ததும் ஃபர்ஹீன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓசூரில் கணவன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நுஸைபா அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். பேரன் இதுவரை ஒருமுறைகூட அழுததில்லை என்று மகள் போனில் பெருமையாகச் சொல்கிறாள்.