பச்சைத் துணிக்கு அடியில்

"சிஸ்டர், நான் முழிச்சுகினுதானே இருப்பேன்?"

"ஆமாண்ணா. முதுகுல மட்டும்தான் மரத்துப்போற ஊசி. கால்ல சுருக்குன்னா என்கிட்ட சொல்லுங்க, நான் டாக்டர்கிட்ட சொல்லிடுவேன்."

"அப்போ நீதான் எனக்கு வாயி."

"மீன் ஏலத்துல கத்துற வாய் எனக்கில்லண்ணா" என்றாள் ரெபேக்காள். மீனவர் தணிகைவேல் ஆபரேஷன் மேஜையில் குப்புறப் படுத்தபடியே குலுங்கிச் சிரித்தார்.

இரண்டு வருஷமாகியும் அந்தச் சிரிப்பு அவள் காதை விட்டுப் போகவில்லை.

மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், கடலைப் பார்த்த சிறிய மருத்துவமனை அது. டாக்டர் பாலசுப்ரமணியன் முதுகைக் கிழிப்பதில்லை. பென்சில் பருமனில் ஒரு குழாயைச் செருகி, அதன் நுனியிலுள்ள கேமரா காட்டுவதைத் திரையில் பார்த்தபடியே, பிதுங்கிய ஜவ்வைக் கிள்ளி எடுத்துவிடுவார். நோயாளி விழித்திருப்பதுதான் காவல். நரம்பில் பட்டால் அவர்தான் சொல்ல வேண்டும். பச்சைத் துணிக்கு அடியில், அவர் முகத்தருகே உட்கார்ந்து அதைக் கேட்டுச் சொல்வது ரெபேக்காளின் வேலை.

அன்று தணிகைவேலுடையது நாலாவது ஆபரேஷன். அவளுக்குக் கண் எரிந்தது.

"சிஸ்டர், கால் இழுக்குது. நிறுத்தச் சொல்லு" என்று தணிகைவேல் முனகினார்.

பயத்தில் புலம்புகிறார் என்று நினைத்துவிட்டாள். "அஞ்சே நிமிஷம்ணா" என்று கையைத் தட்டிக்கொடுத்தாள். டாக்டரிடம் சொல்லவில்லை.

அதன்பின் அவருடைய இடது பாதம் நிமிரவே இல்லை. இழுத்து இழுத்து நடந்தார். அடுத்த ஆடியில் படகிலிருந்து இறங்கும்போது அந்தக் கால் மடங்கி, அலையோடு போய்விட்டார். நடந்ததை ரெபேக்காள் யாரிடமும் சொல்லவில்லை.

இன்று அதே மேஜையில் அவர் மனைவி பூவாயி.

"எங்க வூட்டுக்காரராண்ட நீதான் குந்திகினு இருந்தியாமே? அவரு தலையெழுத்து அப்பிடி ஆயிடுச்சு, நீ இன்னா பண்ணுவ?" என்று பூவாயி அவள் விரல்களைப் பற்றிக்கொண்டாள். "நீ கீறேன்னுதான் தெகிரியமா வந்தேன் கண்ணு."

ரெபேக்காளால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

திரை தெளிவாகத் தெரிய விளக்குகளை அணைத்தார்கள். பகல் இரண்டு மணிக்கே அறை இருண்டது. பதற்றம் தணியக் கொடுத்த மருந்தில் பூவாயிக்குக் கண் சொருகியது. ரெபேக்காள் துணிக்கு அடியில் குனிந்தாள்.

மருந்து நெடிக்குள் உப்பு வாசம் கலந்து வந்தது. நனைந்த வலையின் வாசம்.

அவள் பின்னால், சலவைக்கல் தரையில் ஓர் அடி.

பிறகு ஓர் இழுப்பு.

ஓர் அடி. ஓர் இழுப்பு.

அவள் பக்கத்தில் வந்து நின்றது.

"பேஷன்ட் வலி ஏதும் சொல்றாங்களா சிஸ்டர்?" துணிக்கு மேலிருந்து டாக்டரின் குரல்.

பூவாயி சீராக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். 'இல்ல டாக்டர்' என்று சொல்லத்தான் ரெபேக்காள் வாயைத் திறந்தாள்.

ஈரமான கை ஒன்று அவள் மணிக்கட்டைப் பிடித்தது. ஐஸில் கிடந்த மீனைப் போல் சில்லென்றிருந்தது.

பூவாயியின் இரு கைகளும் தலையணை மேல்தான் இருந்தன.

"சிஸ்டர்... கால் இழுக்குது."

கோபமே இல்லாத குரல்.

"நிறுத்தச் சொல்லு."

"நிறுத்துங்க!" ரெபேக்காள் வீறிட்டாள். "டாக்டர், நிறுத்துங்க! கால் இழுக்குதாம்!"

குழாய் நின்றது.

"கடவுளே... நரம்பு மேலயே இருந்திருக்கேன்" என்றார் டாக்டர் மெதுவாக. துணியை விலக்கிக் குனிந்தவர் பூவாயியைப் பார்த்தார். "தூங்குறாங்களே? யார் சிஸ்டர் சொன்னது?"

மணிக்கட்டில் அந்தப் பிடி இன்னும் தளரவில்லை. விரல் நுனியிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டியது.

"தணிகைவேல் அண்ணா சொன்னாரு டாக்டர். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, இதே மேஜையில... உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு. நான் சொல்லல."