அலை தொடும் தூரம்

சிநேகாவுக்கு ஒரு கனவு அடிக்கடி வரும். அம்மா அலையில் கால் நனைத்துக்கொண்டு நிற்பாள். கடல் அவள் கொலுசோடு ஏதோ பேசிக்கொண்டிருக்கும். விழித்துப் பார்த்தால், அம்மா அடுப்படிச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பாள்.

நெம்மேலியில் அவர்கள் வீட்டுக்குக் கடல் கூப்பிடு தூரம்தான். ஆனாலும் அம்மா பொன்னி பாதி மணலிலேயே உட்கார்ந்துவிடுவாள். கேட்டால், "எனக்கு இன்னா? நல்லாத்தான் கீறேன்" என்பாள். கடற்கரை விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலைக்கு லீவே போடமாட்டாள். எழுந்து வேலைக்குப் போக முடிந்தால் உடம்பு நன்றாக இருக்கிறது என்றுதான் அவர்கள் தெருவில் எல்லோரும் சொல்வார்கள்.

தோழி அதிதியின் வீடு வேறு மாதிரி. திருக்கழுக்குன்றத்தில் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஒருவர் தும்மினால் போதும், மிளகுக் கஷாயம் கொதிக்கும். பெங்களூரிலிருந்து மாமா போனில் விசாரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை சிநேகாவின் பள்ளியில் மருத்துவ முகாம் நடந்தது. ஒரே நாள்தான், நல்ல கூட்டம். வாசலில் நர்ஸ் ஒவ்வொருவரிடமும் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். சரியில்லை என்றவர்களை மட்டும் டாக்டரிடம் அனுப்பினார்.

அதிதியின் அம்மா கோமளம் அந்தப் பள்ளியில்தான் டீச்சர். காலையில் இரண்டு தும்மல் போட்டிருந்ததால் சரியில்லை என்று சொல்லி உள்ளே போனார். பொன்னி வழக்கமான பதிலையே சொன்னாள். நர்ஸ் அடுத்தவரைக் கூப்பிட்டார். பொன்னி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

சிநேகாவுக்குப் பயமாக இருந்தது. இன்றைக்கு விட்டால் டாக்டர் மறுபடி எப்போது வருவாரோ? அவளுக்குக் கனவில் வந்த கடல் ஞாபகம் வந்தது. ஓடிப்போய் நர்ஸின் கையைத் தொட்டாள்.

"அக்கா, அப்படிக் கேட்டா எங்கம்மா நல்லாகீறேன்னுதான் சொல்லும். கடல் வரைக்கும் நடந்து போவியான்னு கேளுங்க."

நர்ஸ் சிரித்தார். ஆனால் அப்படியே கேட்டார்.

பொன்னி குனிந்து செருப்பைப் பார்த்தாள். "முன்னெல்லாம் போவேன்மா. இப்போ பாதியிலயே மூச்சு வாங்குது. கண்ணு இருட்டிகினு வருது."

உடம்பில் ரத்தம் ரொம்பக் குறைவு என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்துவிட்டு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"யாரும் இப்படிக் கேக்கலியே சார்" என்றாள் பொன்னி.

கோமளம் டீச்சரை டாக்டர் ஆவி பிடிக்கச் சொன்னார். டீச்சர் காலையிலேயே பிடித்துவிட்டுத்தான் வந்திருந்தார். அதன்பிறகு வந்தவர்களிடமெல்லாம் நர்ஸ் கடலைப் பற்றியே கேட்டார். சிநேகாவின் தெருவிலிருந்து பாதிப் பேர் உள்ளே போனார்கள்.

மாத்திரையும் முருங்கைக்கீரையுமாக மழைக்காலம் கழிந்தது. தை மாதத்து மாலை ஒன்றில் அம்மாவும் மகளும் மணலில் நடந்தார்கள். வழக்கமாக உட்காரும் இடத்தில் பொன்னி உட்காரவில்லை. ஓர் அலை வந்து கொலுசைத் தொட்டுவிட்டுப் போனது.

"எப்படிம்மா கீற?"

"நல்லாத்தான் கீறேன்."

இந்த முறை சிநேகா அதை நம்பினாள்.