கடலடியில் விளைந்த மருந்து

மேற்கே பனங்காடுகளுக்கு அப்பால் செங்கதிரோன் சாய்ந்து மறைய, கிழக்கே கடலைப் பிளந்துகொண்டு எழுந்த முழுமதி, சிற்றாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் மீது தன் வெள்ளிக் கதிர்களை வாரி இறைத்தது. தென்கரையில் தாழம்புதர்கள் சூழ நெடிதுயர்ந்து நின்ற தாழைக்கோட்டையின் மதில்களில், காவல் வீரர்கள் தொலைவில் கருநிழலாய்த் தெரிந்த வெண்சங்குத் தீவைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முத்துக்குளிக்கும் துறை யாருக்கு என்று மூண்ட போர் கார்காலம் முழுதும் நீடித்து, இரு தரப்பையும் களைப்படையச் செய்திருந்தது.

ஆயினும், அன்பார்ந்த வாசகர்களே, கோட்டையில் உள்ளோர் அஞ்சியது தீவினரின் வேலுக்கும் வாளுக்கும் அல்ல. போரில் பட்ட சிறு காயமும் சீழ்வைத்து, காய்ச்சலாகி, கட்டுமஸ்தான இளைஞர்களைக்கூட வாரிக்கொண்டு போயிற்றே, அதற்குத்தான் அஞ்சினார்கள்.

கோட்டையின் ஆதுலர் சாலையில், அதாவது நோயுற்றோரைப் பேணும் அந்த நீண்ட மண்டபத்தில், தலைமை மருத்துவச்சி சேந்தி கல்லுரலில் ஏதோ அரைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தீப்பட்டாற்போல் வடுக்கள். அவை அவளே தனக்கு இட்டுக்கொண்டவை.

போருக்கு முன் ஒருநாள், முத்துக்குளிப்போர் கடலடியிலிருந்து எடுத்து வந்தவற்றில் அவள் ஒரு விந்தையைக் கண்டாள். கடற்பாறை, படகின் அடிப்புறம், நங்கூரக் கயிறு என்று நீருக்குள் கிடப்பவை அனைத்திலும் பாசியும் சிப்பியும் அப்பிக்கொள்ள, பாறையில் ஒட்டி வாழும் கடற்பஞ்சு வகையான கரும்பஞ்சின் மீது மட்டும் எதுவும் அண்டவில்லை. ஓடவும் ஒளியவும் இயலாத அந்த உயிர் ஏதோ ஒரு சாற்றினால்தான் தன்னைக் காத்துக்கொள்கிறது என்று சேந்தி ஊகித்தாள். அச்சாற்றைத் தடவிய இறைச்சி அழுகாமல் கிடந்தபோது அவள் நெஞ்சு துள்ளியது. தன் கையில் தடவியபோதோ தோல் வெந்து கொப்புளித்தது! வேம்பு, மஞ்சள், கற்றாழை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தாள். எரிச்சல் தணிந்தால் மருந்தின் வீரியமும் போயிற்று. கடைசியில் கடற்கரை மணலில் படரும் அடப்பங்கொடியின் சாறுதான் இரண்டையும் இசைவித்தது. ஆனால் நல்ல தோலில் தடவியதோடு சரி. சீழ்வைத்த புண்ணில் அதை இட்டுப் பார்த்தவர் எவருமில்லை.

"அம்மணி! நீங்கள் கேட்ட பஞ்சு கிடைத்துவிட்டது" என்று கூறியபடி உள்ளே வந்தான் கீரன். அண்மையில் பிழைப்புத் தேடி வந்ததாகச் சொல்லிச் சேர்ந்த முத்துக்குளிப்பவன் அவன். தீவின் அருகே, எதிரியின் படகுகள் சுற்றும் ஆழத்தில் மட்டுமே விளையும் கரும்பஞ்சை எடுத்துவர வேறு எவரும் துணியவில்லை. அவன் சற்றே காலை இழுத்து நடந்தான். பவளப்பாறை தொடையைக் கிழித்துவிட்டதென்று கட்டுப்போட்டிருந்தான்.

"நல்ல வேளையில் வந்தீர்" என்றாள் சேந்தி. "நம் படைத்தலைவர், தண்டநாயகர் விடங்கருக்குக் காலில் புண் முற்றிவிட்டது. காலை வெட்டியெடுக்க வேண்டும் என்கிறார்கள். வெட்டினாலும் பிழைப்பாரோ என்னவோ! என் மருந்தைப் போடலாம் என்றால், சோதித்துப் பாராததை அவர்மேல் எப்படிப் போடுவேன்?"

கீரன் மெல்ல அமர்ந்து தொடைக்கட்டை அவிழ்த்தான். "என்மேல் போட்டுப் பாருங்கள்."

சேந்தி விளக்கை அருகே பிடித்துப் பார்த்தாள். புண் சீழ்வைத்திருந்தது உண்மைதான். ஆனால் பவளப்பாறை இப்படியா கிழிக்கும்? மூன்று விளிம்பு கொண்ட அம்பு பாய்ந்த தடம் அது. அத்தகைய அம்பு முனைகளைத் தாழைக்கோட்டைக் கொல்லர்கள் மட்டுமே வடிப்பார்கள். போரில் சிறைப்பட்ட தீவினரின் உடலிலிருந்து எத்தனையோ முனைகளை அவளே பிடுங்கியிருக்கிறாள்.

அவள் தலைநிமிர்ந்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் இரகசியம் வெளிப்பட்டுவிட்டதென்று தெரிந்தும் அவன் கண்களில் அச்சமில்லை, களைப்புதான் இருந்தது. சேந்தி ஒரு குரல் கொடுத்தால் போதும், வாயில் காவலர் ஓடிவருவார்கள். அவளோ களிம்பை விரலில் எடுத்தாள்.

"எரியும். பொறுத்துக்கொள்ளும்" என்றாள்.

அன்றுமுதல் அவளே அவன் கட்டை மாற்றினாள். சீழ் வற்றியது, புண்ணின் ஓரங்களில் செந்நிறத் தசை தளிர்விட்டது. அவன் யாரென்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கேளாமலும் சொல்லாமலும் இருந்த அந்த மௌனத்தில் இருவர் உள்ளங்களும் எவ்வளவு நெருங்கிவிட்டன என்பதை அவர்களே அறிந்திருக்கவில்லை. தண்டநாயகரின் காலிலும் களிம்பு இடப்பட்டது. காய்ச்சல் இறங்கி, அவர் கஞ்சி கேட்டுக் குடித்த அன்று கோட்டையே விழாக்கோலம் பூண்டது.

"இந்த மருந்தை முதலில் தன்மேல் ஏற்றவன் எவன்? நாளைய சபைக்கு அவனை அழைத்து வா, அம்மணி. எல்லோரும் காணும்படி அவனைப் பெருமைப்படுத்த வேண்டும்" என்றார் விடங்கர்.

ஆறிய புண்ணைக் காட்டச் சொல்வார்களே என்று சேந்தி எண்ணினாள். வில்லாளிகள் நிறைந்த சபையில் அந்த அம்புத் தடம் மறையுமா?

அந்தி சாயும் நேரத்தில் அவள் துறைக்கு விரைந்தாள். கீரன் படகருகே நின்றான். "உடனே புறப்படும்!" என்றாள் மூச்சிரைக்க. "கேளும்: ஒரு பங்கு பஞ்சுச் சாற்றுக்கு இரு பங்கு அடப்பங்கொடிச் சாறு. நல்லெண்ணெயில் குழைக்க வேண்டும். தீயில் காட்டவே கூடாது. இதற்காகத்தானே வந்தீர்?"

"இல்லை, அம்மணி. மதிலின் பலவீனத்தை அறியவே வந்தேன்" என்றான் அவன். "வந்தபின் உங்கள் கையைப் பார்த்தேன். யாரோ ஒருவன் பிழைப்பதற்காகத் தன் கையைச் சுட்டுக்கொள்ளும் பெண்ணிருக்கும் மதிலை இடிக்க எனக்கு மனம் வரவில்லை. என் தீவிலும் பிள்ளைகள் இதே காய்ச்சலில் மாய்கிறார்கள். அவர்கள் பிழைக்கட்டும். இக்கரைமேல் இனி ஒருநாளும் ஆயுதம் எடுக்க மாட்டேன். இந்தக் கடலும் எழுந்து நிற்கும் அந்த நிலவும் சாட்சி!" பிறகு குனிந்து, அவள் செவியருகே தன் உண்மைப் பெயரைச் சொன்னான். சேந்தி சிலையாய் நின்றாள். படகு அலைகளில் ஏறியது.

பின்னால் காலடி ஓசை! அவள் துறைக்கு விரைந்ததைக் காவலர் சொல்லக் கேட்டு, கோலூன்றி வந்த தண்டநாயகரும் வில்லேந்திய வீரர்களும் கரையில் நின்றார்கள்.

"யாரம்மா அவன்?"

"தீவைச் சேர்ந்தவர், பிரபு. என் மருந்தை முதலில் ஏற்றவரும் அவரே. தாங்கள் ஊன்றி நிற்கும் காலுக்கு மருந்தான கரும்பஞ்சை உயிரைப் பணயம் வைத்து எடுத்து வந்ததும் அவரே. அதைச் செய்யும் முறையை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். தண்டனை எதுவானாலும் எனக்கே உரியது."

வீரர்கள் நாணை இழுத்தார்கள். விடங்கர் கையை உயர்த்தினார். "தாழ்த்துங்கள் வில்லை!" பிறகு விலகிச் செல்லும் படகைச் சுட்டிக் கேட்டார்: "ஒற்றன் ஒருவன் எதிரித் தளபதியான எனக்காக இத்தனை துணிவானா? அவன் பெயரென்ன?"

"வேலிறையன்."

விடங்கர் திடுக்கிட்டுத் திரும்பினார். "வெண்சங்குத் தீவின் அரசனா!"

"ஆம், பிரபு. இனி இக்கரைமேல் ஆயுதம் எடுப்பதில்லை என்று சபதம் செய்துவிட்டுப் போகிறார்."

தண்டநாயகர் கோலை மணலில் ஊன்றி, நலம்பெற்ற காலை மெல்ல முன்வைத்தார். "அப்படியானால் நாளைக் காலை சமாதானக் கொடியுடன் ஒரு படகு தீவுக்குப் போகும். அங்கே நோயாளிகள் ஏராளம் இருப்பார்கள். மருந்து அரைக்கத் தெரிந்தவர் எவரேனும் உடன் போனால் நல்லது. யாரை அனுப்பலாம், அம்மணி?"

நிலவொளியில் சேந்தியின் முகம் சிவந்தது எவருக்கும் தெரிந்திராது.

"நானே போகிறேன், பிரபு" என்றாள்.