எதிர்த்து ஓட்டுப் போட்டவன்

குடை பறந்து அவள் முதுகில் போய் மோதியபோது, இஸ்தோக்கின் கையில் மிஞ்சியது கைப்பிடி மட்டும்தான்.

அவள் திரும்பினாள். மழையில் நனைந்த இமைகள்... உள்ளே சாம்பல் பச்சையில் இரண்டு கண்கள்... திட்டு விழப்போகிறது என்பதே அவனுக்கு மறந்துவிட்டது.

“போரா காத்துல போய் குடை புடிக்கிறீங்களே, ட்ரியெஸ்தேக்குப் புதுசா?”

“பக்கத்துல கோரிட்சாதான்...”

“பக்கத்து ஊரா? அப்ப மன்னிப்பே கிடையாது. காபி வாங்கிக் குடுங்க.”

சின்னக் கண்ணாடிக் கிளாஸில் காபி வந்தது. பேர் ஃபுல்வியா, கடல் முன்னறிவிப்பு அலுவலகத்தில் வேலை என்றாள். அரை மணியில் ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழிக்கான குழுக் கூட்டத்தில் பேச வேண்டுமாம். நானும் அதற்குத்தான் வந்தேன் என்று சொல்ல இவன் வாயைத் திறந்தான்... அவள் விட்டால்தானே.

“நான் பொறக்கறதுக்கு முந்தின மொழிங்க அது. கடல், காத்து, அணை... இன்னைக்கும் அதுலதான் கணக்கு. ஆனா ஒரு கெட்ட பழக்கம். கணக்குல வர்ற ஒரு பேரை முன்னாடியே அறிவிக்காம எழுதினாலும் மெஷின் கேள்வி கேக்காது, தானா ஒண்ணு நெனச்சுக்கும். ஒரு நாள் கை தவறி ஏதோ அடிச்சிட்டேன். அலை வராதுன்னு சொன்னோம்... மீன் மார்க்கெட்ல முழங்கால் தண்ணி.” அவள் குரல் இறங்கியது. “இனிமே அறிவிக்காத எதுவும் செல்லாதுன்னு விதி கொண்டு வரேன். அதுக்கும் வருஷக்கணக்கா கடிதத்துலயே முட்டுக்கட்டை. ஹுமார்னு ஒரு மண்டைக்கனம் புடிச்ச கிழவன்.”

இஸ்தோக்குக்குப் புரையேறியது. அந்தக் கிழவனுக்கு வயது முப்பத்திநாலு... அவளுடைய பிஸ்கட்டைத் தின்றுகொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தான்.

“உங்க பேரு?”

“இஸ்தோக்...” ஹுமாரைக் காபியோடு விழுங்கிவிட்டான். இந்தக் கண்கள் இன்னும் பத்து நிமிஷம் இப்படியே பார்க்கட்டுமே என்ற ஆசைதான், பாவம்.

கூட்டத்தில் தலைவர் கணீரென்று அறிவித்தார். “எதிர்த்துப் பேசுபவர், இஸ்தோக் ஹுமார்.”

ஃபுல்வியா நிமிர்ந்தாள். இவன் வாயை மூடிக்கொண்டால் அவள் மனசில் இடம் கிடைக்கலாம்... ஆனால் இவன் வேலை பார்க்கும் அணைக்குக் கீழே எத்தனை ஊர்!

“எங்க அணைய நடத்துற கணினி நிரல் பழசு. அதுல பாதிப் பேரு அறிவிக்காததுதான். இந்த விதி வந்தா அது ஓடாது. சில விஷயம் சொல்லாமலே புரியுங்க...”

கைகள் உயர்ந்தன. சரிக்குச் சமம். பாக்கி இவன் ஒருவன். எதிர்ப்புக்குக் கையைத் தூக்கினான். தீர்மானம் ஒரே ஓட்டில் தோற்றது.

வெளியே, காற்றில் யாரும் விழாமலிருக்கத் தெருவோரம் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள் அவள்.

“ஓட்டுக்காக நான் கோவப்படல. அது உங்க அணை, உங்க கவலை. ஆனா எதிர்ல உக்காந்து காபி குடிச்சிட்டு...”

“காபிக்குக் காசு நான்தான்...”

“பேசாதீங்க. என் பிஸ்கட்டையும் தின்னுட்டு, பேரை மறைச்சீங்களே. அதான் வலிக்குது. நானும் வெவரம் தெரியாம... நல்லவர்னு நெனச்சுக்கிட்டேன்.”

கயிற்றை விட்டு நடந்துவிட்டாள். அந்தத் திருப்பம் தாண்டினால் போச்சு... இஸ்தோக் ஓடினான். முன்னால் போய் விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டான்.

“நில்லுங்க. இப்பவே எல்லாத்தையும் அறிவிச்சிடறேன். பேரு இஸ்தோக் ஹுமார். கல்யாணம் ஆகல. குறட்டை உண்டு. ட்ரியெஸ்தே பொண்ணுன்னா எங்கம்மா முதல்ல மூஞ்சியத் தூக்கி வெச்சுப்பாங்க, அப்புறம் சரியாயிடுவாங்க. அடுத்த கூட்டத்துலயும் உங்கள எதிர்த்துதான் ஓட்டு. அணைக்கு அந்த விதி வேணாம்... எனக்கு வேணும். குடை உங்க மேல பட்டதுலேருந்து உங்களைப் புடிச்சிருக்கு. சொல்லாமலே புரியும்னு விட்டுடத் தைரியம் இல்லைங்க.”

அவள் கோபம் உதட்டோரத்தில் மெல்ல உடைந்தது...

“எதிர்க்கிறவங்க?” என்று வெறிச்சோடிய தெருவைப் பார்த்துத் தலைவர் குரலில் கேட்டாள். “ஆதரிக்கிறவங்க?”

அவன் சட்டென்று கையைத் தூக்கினான். கம்பத்தை விட்டதுதான் தாமதம், காற்று அவனை அப்படியே கொண்டுபோய் அவள் மேல் தள்ளியது.

விழாமல் அவன் சட்டையை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மறு கையை மெதுவாக உயர்த்தினாள் ஃபுல்வியா.